சாவி மட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏட்டு நீட்டிய ஒற்றைத் தாளை டிரைவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதோடு போன வாரம் நின்றிருந்தோம். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதைக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். தங்கை நம்பினாள். தங்கை புருஷனான ஏட்டு பாதி நம்பினார்.

இன்று அந்தத் திங்கட்கிழமை.

தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர், பணி எண், 'எனக்குக் குடிப்பழக்கமோ மருந்துப் பழக்கமோ இருக்கிறது, அதிலிருந்து மீள உதவி கேட்கிறேன்' என்று இரண்டு வரி, அடியில் கையெழுத்து. போலீஸ்காரர்களுக்கான போதை விதிகள் பத்துப் பக்கம். அந்தப் பத்துப் பக்கத்திலும் மனது இளகிய இடம் இது ஒன்றுதான். யாரும் பிடிப்பதற்கு முன்னால் தானாக வந்து சொன்னால் சிகிச்சை, ஆறு மாதம் மேசை வேலை, அப்புறம் பழைய இடம். பிடிபட்ட பிறகு சொன்னால் ஒன்றும் கிடையாது.

டிரைவரும் ஏட்டும் ஒரே வருஷம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அந்தச் சிநேகிதத்தில்தான் டிரைவர் தன் தங்கையை ஏட்டுக்குக் கட்டிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். பதினாறு வருஷமாக மருந்துக் கடையில் வேலை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ரோந்து வண்டி கவிழ்ந்து டிரைவருக்கு முதுகில் பலத்த அடி. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். டிரைவரால் நிறுத்த முடியவில்லை. மாத்திரை போதாத நாட்களில் பாட்டில் வந்தது. பாட்டில் வந்ததும் அவர் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து டிரைவர் தங்கை வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்.

*

ஸ்டேஷனில் ஆயுத அறைக்கு ஒரு கம்பி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் ஏட்டு. காலை ஆறே முக்காலுக்கு வரிசை நிற்கும். ஒவ்வொருவராக வந்து எண் சொல்லி, துப்பாக்கியையோ வண்டிச் சாவியையோ இரண்டையுமோ வாங்கிக்கொண்டு போவார்கள். ஏட்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'பணிக்குத் தகுதியான நிலையில் இருக்கிறார்' என்று அச்சடித்திருக்கும். அதற்கு நேரே ஒரு கையெழுத்து. சந்தேகம் என்றால் அலமாரியில் இருக்கும் ஊதும் கருவியை எடுத்து ஊதச் சொல்லலாம். ஏட்டு அந்த ஜன்னலுக்கு வந்து நான்கு வருஷம். கருவியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

வரிசையில் ஐந்தாவது ஆளாக டிரைவர் வந்தார். முகம் வழித்திருந்தது. சட்டை தங்கை தேய்த்துக் கொடுத்தது, கத்தி மாதிரி மடிப்பு. ஜன்னலுக்குக் குனிந்தபோது புதினா மிட்டாய் வாசனை தூக்கலாக அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது.

ஏட்டு தலையைத் தூக்காமல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தாள் எங்க மச்சான்?"

"ரவுண்டு முடிச்சிட்டு வந்து தர்றேன்."

"இப்பவே குடு. நான் உள்ள கொண்டுபோய் வெச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் கல்யாண வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை. ஆனால் டிரைவரின் கை சட்டைப் பை வரை போய், பொத்தானைத் தொட்டு, இறங்கிவிட்டது.

"வந்து தர்றேன் மாப்ள. பத்து மணிக்குள்ள வந்துடுவேன்."

ஏட்டு ரேக்கைப் பார்த்தார். டிரைவரின் துப்பாக்கி பதினோராவது கொக்கியில் தொங்கியது. நேற்றுத்தான் ஏட்டே துடைத்து எண்ணெய் போட்டு வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அதில் ஏதோ பழுது, ரிப்பேருக்கு எழுதியிருக்கிறது, இன்றைக்குக் கிடையாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார், பின்னால் நிற்பவர்கள் காதில் விழட்டும் என்று.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

ஏட்டு சாவிப் பலகைப் பக்கம் திரும்பினார். கூடப் போக வேண்டிய காவலர் அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தார். டிரைவர் தனியாகத்தான் போக வேண்டும். தினமும் ஓட்டுகிற பாதை, பகல் வெளிச்சம், மூன்று மணி நேரம். துப்பாக்கி கையில் இல்லை, அது போதும். பத்து மணிக்குத் தாள் வந்துவிடும். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பலகையிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் வழியே தள்ளினார். கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

*

பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரோந்து வண்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவில் திரும்பியது. திரும்ப வேண்டியதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. ஓரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரரை மதில் சுவரோடு சேர்த்து நசுக்கியது.

டிரைவர் ஓடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். வண்டியைப் பின்னால் எடுத்து, இறங்கி, தபால்காரரைத் தூக்கப் போய், இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டுத் தூக்காமல் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸ் கேட்டார். அது வரும்வரை தபால்காரரின் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தார். தபால்காரர் கடிதங்கள் நனையுமே என்று கவலைப்பட்டாராம். மழை எதுவும் பெய்யவில்லை. பக்கத்தில் தண்ணீரும் இல்லை.

ஆள் காயம்பட்ட விபத்து என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் போலீஸ்காரரைச் சோதித்தாக வேண்டும். அதே ஸ்டேஷன் ஆள் சோதிக்கக் கூடாது. பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், கண்ணாடி, சத்தமே போடாத குரல். டிரைவர் ஊதினார். பணியில் இருக்கும் போலீஸ்காரருக்கு ஒரு சொட்டும் கூடாது என்பது விதி. திரையில் வந்த எண் சாதாரண மனிதருக்கே அதிகம். அடுத்து சிறுநீர் எடுத்துச் சீல் வைத்தார்கள். பையைக் காலி செய்யச் சொன்னார்கள். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றும், நான்காக மடித்த தாளும் வெளியே வந்தன.

அதிகாரி தாளைப் பிரித்தார். பெயர், எண், இரண்டு வரி, கையெழுத்து, இன்றைய தேதி. எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது.

"எப்ப எழுதினீங்க?"

"காலையில அஞ்சரைக்கு மேடம்."

"ஏன் குடுக்கல?"

டிரைவர் அந்தத் தாளையே பார்த்தார். "பின்னால ஆள் நின்னாங்க மேடம்" என்றார்.

அதிகாரி தாளைத் திருப்பி மடித்து, மற்ற பொருட்களோடு சேர்த்து உறையில் போட்டார்.

*

மருந்துக் கடையில் திங்கட்கிழமை காலாவதி பார்க்கும் நாள். பாப்பா ஏணி மேல் நின்று அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அவசரமாகக் கட்டுத்துணியும் ஊசியும் வாங்க வந்தாள். போலீஸ் வண்டி தபால்காரரை இடித்துவிட்டது, ஓட்டினவர் மேல் சாராய வாடையாம், இரத்தம் போதவில்லை, ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

பாப்பா ஏணியிலிருந்து இறங்கினாள். எந்த வண்டி என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அது வேறு யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏட்டுக்கு மட்டும் போன மாதம் தெரிந்துபோனது, அவரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. டாக்டர் நிறுத்திய பிறகும் ஒரு வருஷமாகப் பழைய மருந்துச் சீட்டின் எண்ணையே போட்டு, பூட்டிய அலமாரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இரண்டு அட்டை எடுத்து அண்ணனுக்குக் கொடுத்து வந்தவள் அவள்தான். போன வாரம் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்து கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தந்தி அடித்தன. "நாளைக்குக் குடுத்துடுவேன் பாப்பா, நாளைக்கு வரைக்கும் ஓட்டணும்" என்றார். ஒரே ஒரு அட்டை கொடுத்தாள்.

கடைக்கார அம்மா உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பில் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா போய் எதிரில் நின்றாள். சாராயம் ஒரு குற்றம், மாத்திரை இன்னொரு குற்றம் என்றுதான் அவள் மனதில் ஓடியது. மாத்திரை போதைப்பொருள் இல்லை, டாக்டர் எழுதிய மருந்து, நான் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் அண்ணன் தலையில் ஒன்றாவது குறையும். இவ்வளவுதான் அவள் கணக்கு.

பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். இருபத்து நான்கு வரி.

கடைக்கார அம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினாறு வருஷம் சாவியை உன்னிடம்தானே கொடுத்திருந்தேன் என்று மட்டும் கேட்டார். பிறகு, தன் உரிமம் போய்விடும் என்பதால் தானே முந்திக்கொண்டு சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை என்று விளக்கினார். ஸ்டேஷனுக்குப் போன் செய்தபோது பாப்பா எதிரிலேயே நின்றாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

இரண்டு மணிக்கு ஏட்டை உள்ளே கூப்பிட்டார்கள். செல்போனை முன்னமே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேசை மேல் ஆயுதப் பதிவேடு திறந்திருந்தது.

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். டிரைவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். சொன்னார். காலையில் அவர் துப்பாக்கி வாங்கவில்லையே, ஏன் என்று கேட்டார். பழுது என்றார் ஏட்டு. பழுதுப் பதிவேட்டை அதிகாரி ஏற்கெனவே பார்த்திருந்தார். பதினோராவது கொக்கியிலிருந்த துப்பாக்கியையும் எடுத்து இயக்கிப் பார்த்திருந்தார்.

"நல்லாத்தானே இருக்கு ஏட்டு."

அதிகாரி பழுதுப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அவர் குடிச்சிருக்கார்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. துப்பாக்கியைக் கையில குடுக்கப் பயந்தீங்க. வண்டியைக் குடுக்கப் பயமா இல்லையா?"

இருபத்திரண்டு வருஷ வேலையில் எத்தனையோ பேரை எதிரில் உட்கார வைத்து ஏட்டு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் இல்லாத கேள்விக்கு முன்னால் அவர்கள் எதற்குத் தங்கள் கையையே பார்க்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

சாவியும் கொடுக்காமல் இருந்திருந்தால் டிரைவருக்கு வேலை போயிருக்கும், தபால்காரர் இந்நேரம் மூன்றாவது தெருவில் இருந்திருப்பார். துப்பாக்கியும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எனக்கு வாடை தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வைத்துக்கொண்டதால், தெரிந்தே செய்தது என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

வாக்குமூலத்தைத் தானே எழுதுவதாகச் சொன்னார். எழுதுவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டார். நடைவழியில் பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவலுக்கு ஒருவர். பெல்ட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேய்த்த சட்டையில் தபால்காரரின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

கடந்து போகும்போது டிரைவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "மாத்திரை சந்தையில வாங்கினேன்னு சொல்லிருக்கேன். பாப்பாவை இழுத்துடாத மாப்ள."

ஏட்டு தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து ஒன்றேகால் பக்கம் எழுதினார். வாடை அடித்தது, தெரிந்தது, ஊதச் சொல்லவில்லை, பழுது என்று சொன்னது பொய், சாவி கொடுத்தது நான். ஒன்றையும் மறைக்கவில்லை. எழுத எழுத நெஞ்சில் ஏதோ லேசானது போலக்கூட இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி பாக்கி: மாத்திரை எங்கிருந்து கிடைத்தது என்று தெரியுமா? பேனா அங்கே நின்றது. தான் எப்படியும் முழுகியாகிவிட்டது, வீட்டில் ஒரு ஆளாவது கரையில் நிற்கட்டும் என்று நினைத்தார்.

'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆயுத அறைச் சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தார். அதிகாரி அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார்.

*

மூன்று மணிக்கெல்லாம் டிரைவரை ஒரு காவலர் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். பணி நீக்க உத்தரவு வரும்வரை வீட்டை விட்டு நகரக் கூடாது என்று எழுத்தில் வாங்கியிருந்தார்கள். டிரைவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏட்டு வரும்போது ஐந்தரை. பாப்பா சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றிருந்தாள். புருஷன் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். கடைக்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அந்த அம்மா ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டதாகவும், வேலை போனாலும் போகட்டும் என்றும் சொன்னாள்.

"மருந்துன்னு தெரிஞ்சா அண்ணனைக் கொஞ்சம் விட்டுடுவாங்கல்ல?"

ஏட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்குச் சொன்ன?"

"பன்னெண்டு இருக்கும். ஏங்க?"

அவர் எழுதிக் கொடுத்தது இரண்டரை மணிக்கு. இரண்டரை மணிக்கு அந்த அதிகாரியின் மேசையில் பாப்பாவின் இருபத்து நான்கு வரியும் இருந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் அதிகாரி அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். 'தெரியாது' என்ற சொல்லை அவர் எழுதுவதைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏட்டு அதை மனைவியிடம் சொன்னார். இரண்டு வாக்கியம்தான். அதற்குள் பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் தன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார், புருஷன் தன்னைக் காப்பாற்றப் பொய் எழுதினார், தான் அண்ணனைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னாள். அந்த உண்மையால் இரண்டு பேரும் பொய் வாக்குமூலம் கொடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள். டாக்டர் நிறுத்திய மருந்து, மருந்துக் கணக்கில் வராது, போதைக் கணக்கில்தான் வரும் என்பதையும் அப்போதுதான் ஏட்டு அவளிடம் சொன்னார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிருக்கலாமே" என்றாள்.

"போனை வாங்கி வெச்சிட்டாங்க."

"காலையில சொல்லிருக்கலாம். வாடை அடிச்ச உடனே."

ஏட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியில் பக்கத்து வீட்டார் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டுப் பக்கம் பார்க்காமல் எடுத்தார்கள்.

ஆறு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஏட்டு எடுத்தார். அதே அதிகாரி, அதே தாழ்ந்த குரல். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கணவனும் மனைவியும் தனித்தனியாக வர வேண்டும் என்றார். ஏட்டு சரி என்றார். அதிகாரி உடனே போனை வைக்கவில்லை. தபால்காரர் நாலரை மணிக்கு ஆபரேஷன் மேசையிலேயே இறந்துவிட்டார், அதனால் வழக்கு மாறுகிறது, டிரைவரைக் கூட்டிப் போக ஏழு மணிக்கு வண்டி வரும் என்றார். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

ஏட்டு தொலைபேசியை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தே பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னறைக் கதவு திறந்தது. டிரைவர் குளித்துவிட்டு வந்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. கைகள் இரண்டையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு வாசலில் நின்றார். தபால்காரர் கண்டிப்பாகப் பிழைத்துவிடுவார், நினைவு தப்பாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார் என்று, அவர்கள் கேட்காமலே சொன்னார். கால் போனாலும் போகுமே தவிர உயிருக்கு ஒன்றும் இல்லை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் வீட்டுக்காரம்மா காலில் விழ அனுமதி கேட்க வேண்டும் என்றார்.

பிறகு தொலைபேசியைப் பார்த்தார்.

"யாரு மாப்ள போன்ல? ஆஸ்பத்திரியிலேருந்தா?"

ஏட்டு பாப்பாவைப் பார்த்தார். பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து.